கரண்டு போனதுல மின்ட் பூட் ஆகல: ஃபைலும் வேணும், லினக்ஸும் ஒழுங்கா கத்துக்கணும்

திங்கன்ஜுன்_தம்பி:

அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். யாங்கோன்லருந்து எழுதறேன். நேத்து சாயங்காலம் அப்டேட் ஓடிட்டு இருக்கறப்பவே கரண்டு போச்சு, லேப்டாப் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு அதனால பட்டுன்னு ஆஃப் ஆயிடுச்சு. ராத்திரி தெருவே 'மீ லா பீ'ன்னு (கரண்டு வந்துருச்சுன்னு) கத்துனதும் ஓடிப் போய் ஆன் பண்ணா டெஸ்க்டாப் வரல. கறுப்புத் திரைல பிஸிபாக்ஸ்னு ஏதோ வெர்ஷன் நம்பரோட வந்து, கீழ இனிட்ராம்எஃப்எஸ்னு போட்டு கர்சர் நிக்குது. அதுக்கு மேல 'அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்செக் மேனுவலி'ன்னு ஒரு வரி. பழைய திங்க்பேட், லினக்ஸ் மின்ட், உள்ள இருக்கறது சுத்துற ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இல்ல.

முதல் கேள்வி, திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டா போதுமா? உள்ள ப்ராஜெக்ட் ஃபைலெல்லாம் இருக்கு, வேற எங்கயும் காப்பி இல்ல. ரெண்டாவது, யூட்யூப்ல லினக்ஸ் கோர்ஸ் பாத்துட்டுதான் இருக்கேன், எல்எஸ், சிடி, க்ரெப் எல்லாம் தெரியும், ஆனா இந்த மாதிரி ஒண்ணு வந்தா கையும் ஓடல காலும் ஓடல. எல்லாரும் எப்படிதான் கத்துக்கிட்டீங்க?

ஆர்ச்சுக்காரன்:

இதுக்குப் போய் இவ்ளோ பெருசா? அந்த ப்ராம்ப்ட்லயே எஃப்எஸ்செக் -ஒய் (ஃபைல்சிஸ்டத்த சோதிச்சு சரி பண்ற கமாண்டு, -ஒய்னா எதக் கேட்டாலும் 'எஸ்') போட்டு பார்ட்டிஷன் பேரக் குடு, முடிஞ்சதும் ரீபூட். அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் மின்ட்ட தூக்கிப் போட்டுட்டு ஆர்ச் லினக்ஸ் போடு, இன்ஸ்டால் பண்ணி முடிக்கறதுக்குள்ள பாதி லினக்ஸ் தெரிஞ்சிரும்.

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

தம்பி, எண்டர் தட்டாத, கொஞ்சம் நில்லு. ஆர்ச்சு சொன்ன கமாண்டு தப்பில்ல, ஆனா அது ரெண்டாவதா செய்ய வேண்டியது.

ஏன்னு சொல்றேன். உன் டிஸ்க்ல இருக்கறது ஈஎக்ஸ்டி4. அது ஜர்னல் வச்சிருக்கற ஃபைல்சிஸ்டம், எத மாத்தப் போறோம்னு முதல்ல ஜர்னல்ல குறிச்சு வச்சுட்டுதான் மாத்தும். அதனால சும்மா கரண்டு போனா அடுத்த பூட்ல ஜர்னலப் பாத்து அதுவே சரி பண்ணிக்கிட்டு கம்முனு போயிரும், யாரையும் கேக்காது. யாங்கோன்ல நாலு மணி நேரம் கரண்டு, நாலு மணி நேரம் இருட்டுன்னு ஓடுன காலத்துல எத்தனை மெஷின் அப்படி செத்து எழுந்திருக்கும் யோசிச்சுப் பாரு. பூட் ஆகும்போது ஓடுற எஃப்எஸ்செக் ஆபத்தில்லாத ரிப்பேரை மட்டும் தானா பண்ணும். ஒரு இடத்துல 'இத அழிக்கறதா வைக்கறதா'ன்னு ஆளு முடிவு பண்ண வேண்டியது வந்துச்சுன்னா நின்னுரும். அதுதான் 'மேனுவலி'. அப்ப நமக்கு வர வேண்டிய சந்தேகம் என்ன? கரண்டு கட்டு மட்டும்தான் காரணமா, இல்ல டிஸ்க்கே சாகுதா. ஸ்க்ரீன்ல ரெண்டுக்கும் ஒரே மெசேஜ்தான் வரும், வைத்தியம் மட்டும் தலைகீழ். டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கறப்போ எஃப்எஸ்செக் -ஒய் போட்டேன்னு வை, படிக்க முடியாத செக்டார்ல (டிஸ்க்கோட ஒரு சின்னத் துண்டு) இருந்த டைரக்டரியெல்லாம் 'கெட்டுப் போச்சு, தூக்கு'ன்னு அதுவா வெட்டி எறிஞ்சிரும். ஃபைல் வேணும்னு சொல்ற ஆளுக்கு அது கடைசி வழி.

அதனால இப்படிப் பண்ணு. யாருகிட்டயாவது லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற பென்டிரைவ்) வாங்கி அதுல பூட் பண்ணு, உன் டிஸ்க்க மவுண்ட் பண்ணாத, அதாவது ஃபைல் பாக்கன்னு தொறக்காத. டெர்மினலத் தொறந்து எல்எஸ்பிஎல்கே போட்டு எது உன் டிஸ்க், எது பென்டிரைவ்னு சைஸ வச்சு கண்டுபிடி. அப்புறம் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இன்ஸ்டால் பண்ணி ஸ்மார்ட்சிடிஎல் -ஏ போட்டு, டிஸ்க் தன் உடம்பு நிலையப் பத்தி தானே வச்சிருக்கற அந்த டேபிள்ல 5, 197, 198 மூணு நம்பரையும் இங்க எழுது. கூடவே டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) 'ஐ/ஓ எரர்'னு ஏதாச்சும் வருதான்னும் பாரு. அதுக்கு முன்னாடி ஒண்ணும் பண்ணாத.

பெகு_ஜெராக்ஸ்கடை:

ராத்திரிஷிஃப்ட் தம்பி சொல்றதக் கேளு. எங்க கடைக்கு வர்ற டிஸ்க்ல பாதி, வீட்லயே யாராவது ரிப்பேர் பண்ணிப் பாத்துட்டு கொண்டு வர்றதுதான். முதல்ல வந்திருந்தா ஃபோட்டோவாவது எடுத்துக் குடுத்திருப்போம்.

திங்கன்ஜுன்_தம்பி:

போட்டுப் பாத்துட்டேன் அண்ணே. 5 நேரா ரா வேல்யூ 16, 197 நேரா 8, 198 நேரா 8. டிமெசேஜ்ல சிவப்பா 'ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டார்'னு ஒரே செக்டார் நம்பர் திரும்பத் திரும்ப வருது. இது கெட்ட செய்தியா?

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

கெட்ட செய்திதான், ஆனா சீக்கிரமே தெரிஞ்சுக்கிட்ட. 5ங்கறது டிஸ்க் ஏற்கனவே கைவிட்டுட்டு உதிரி இடத்துக்கு மாத்துன செக்டார். 197 தான் இப்ப முக்கியம், படிக்க முடியாம தொங்கிக்கிட்டு இருக்கறது அது. 199ல மட்டும் நம்பர் ஏறியிருந்தா கேபிளத்தான் முதல்ல பாக்கணும்னு சொல்லியிருப்பேன், உனக்கு 5ம் 197ம் ஏறியிருக்கறதால டிஸ்க்தான்.

இப்ப ரிப்பேர் வேணாம், காப்பி. அதப் போல ரெண்டு மடங்கு இடம் இருக்கற வெளி டிஸ்க் ஒண்ணு தேத்து. டிடிரெஸ்கியூன்னு ஒரு ப்ரோக்ராம், மின்ட்ல ஜிடிடிரெஸ்கியூங்கற பேக்கேஜ் பேர்ல இருக்கும். பார்ட்டிஷன ஒரு இமேஜ் ஃபைலா எடு, மூணாவதா மேப்ஃபைல் பேரையும் கண்டிப்பா குடு, அந்த ரெண்டு ஃபைலுமே வெளி டிஸ்க்லதான் இருக்கணும். சாதா டிடி கெட்ட செக்டார்ல முட்டி நின்னுரும். இது நல்ல இடத்தையெல்லாம் முதல்ல அள்ளிட்டு கெட்ட இடத்துக்குக் கடைசியா வந்து மல்லுக்கட்டும். மேப்ஃபைல்ல எதுவரைக்கும் எடுத்தோம்னு எழுதிக்கிட்டே போறதால நடுவுல கரண்டு போனாலும் அதே கமாண்ட அப்படியே திரும்ப அடிச்சா விட்ட இடத்துலருந்து தொடரும். நம்ம ஊருக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும் :)

இமேஜ் கிடைச்சதும் அதுக்கு இன்னொரு காப்பி எடுத்து வச்சுட்டு, அந்தக் காப்பி மேல எஃப்எஸ்செக் -என் போடு. -என்னா பாக்க மட்டும் செய்யும், எதையும் மாத்தாது. என்னென்ன புலம்புதுன்னு முழுசா படி. அதுக்கப்புறம் -ஒய். பிறகு லூப்ல, அதாவது அந்த இமேஜ் ஃபைலையே ஒரு டிஸ்க் மாதிரி மவுண்ட் பண்ணி ஃபைல எடு. பேரு போன ஃபைல் இருந்தா லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டர்ல ஹேஷ் போட்டு வெறும் நம்பரா கிடக்கும், 'ஃபைல்'னு ஒரு கமாண்டு இருக்கு, அது உள்ளடக்கத்தப் பாத்து பிடிஎஃபா படமான்னு சொல்லிடும்.

ஆர்ச்சுக்காரன்:

சரி சரி, ஒத்துக்கறேன், 197 ஏறியிருந்தா டிடிரெஸ்கியூதான். ஆனா ஆர்ச் மேட்டர்ல மாத்திக்க மாட்டேன்.

திங்கன்ஜுன்_தம்பி:

வந்துருச்சு! மாமா வீட்ல வெளி டிஸ்க் வாங்கி ராத்திரி ஓட விட்டேன், நடுவுல கரண்டு போச்சு, வந்ததும் அதே கமாண்டு, நிஜமாவே விட்ட இடத்துலருந்து போகுது. கடைசில கொஞ்சூண்டு கேபிதான் எடுக்க முடியல. ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுசா இருக்கு. எஃப்எஸ்செக் ஓடுனப்போ 'ஐநோட்'னு நூறு தடவை வந்துச்சு, ஒவ்வொரு ஃபைலப் பத்தின விவரத்தையும் வச்சிருக்கற பதிவுன்னு இப்பதான் தேடிப் படிச்சேன். கோர்ஸ்ல அந்த வீடியோவ ஸ்கிப் பண்ணிட்டுப் போயிருந்தேன் ஹாஹா.

அப்புறம் ஒரிஜினல் டிஸ்க்லயும் எஃப்எஸ்செக் போட்டேன், பூட் ஆகுது. ஆனா ஆப்ட்ல (சாஃப்ட்வேர் போடற கமாண்டு) எத இன்ஸ்டால் பண்ணாலும் 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்'னு திட்டுது.

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

அப்டேட் பாதில நின்னுச்சுல்ல, அதோட மிச்சம். என்ன பண்ணணும்னு அந்த எரர்லயே எழுதியிருக்கும் பாரு, டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. அத முடிச்சுட்டு ஆப்ட் -எஃப் இன்ஸ்டால். அதுக்கும் மேல டெப்சம்ஸ்னு ஒரு பேக்கேஜ் போட்டு -எஸ் குடுத்து ஓட விட்டா எந்தெந்த சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்குன்னு மட்டும் லிஸ்ட் போடும், அந்த பேக்கேஜ மட்டும் ரீஇன்ஸ்டால் பண்ணா போதும். முழுசா ஃபார்மட் பண்ண வேண்டிய அவசியமே வராது. ஆனா அந்த டிஸ்க்க நம்பாத, காசு சேத்து எஸ்எஸ்டி வாங்கிரு.

உன் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நான் சிங்கப்பூர்ல ஒரு டேட்டா சென்டர்ல ராத்திரி ஷிஃப்ட் பாக்கறவன், மோல்மேன்ல பொறந்து வளந்தவன். கூட வேலை பாக்கறவங்கள்ல சர்ட்டிஃபிகேட் அடுக்கி வச்சிருக்கறவனும் உண்டு, ஒண்ணுமே இல்லாதவனும் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா யார எழுப்பணும்னு எல்லாருக்கும் தெரியும், அந்த ஆளு நிறைய கமாண்டு மனப்பாடம் பண்ண ஆளு இல்ல. எரர கடைசி வரி வரைக்கும் படிக்கற ஆளு. கோர்ஸ் வேணாம்னு சொல்ல வரல, ஆனா கோர்ஸ்ல எதுவுமே உடையாது, எல்லா கமாண்டும் முதல் தடவையே ஒழுங்கா ஓடும். நெசத்துல அப்படியா இருக்கு?

நேத்து நீ பண்ணதயே எடுத்துக்க. லைவ் யூஎஸ்பி, ப்ளாக் டிவைஸ் பேரு, ஸ்மார்ட், கெர்னல் லாக், இமேஜ் எடுக்கறது, லூப் மவுண்ட், ஐநோட், பேக்கேஜ் மேனேஜர் பாதில நின்னா சரி பண்றது. கோர்ஸ்ல இது தனித்தனியா எத்தனை பாடம்! உனக்கு ஒரே கோர்வையா வந்துச்சு, ஏன் எதுக்குன்னு தெரிஞ்சு வந்துச்சு, இனிமே மறக்காது.

என்னோட பழக்கத்த சொல்றேன், எடுத்துக்கறதும் விடறதும் உன் இஷ்டம். ஏதாச்சும் உடைஞ்சா முதல் கேள்வி, கடைசியா என்ன மாறுச்சு? அப்டேட்டா, புது டிஸ்க்கா, ரவுட்டரா. அடுத்து லாக். ஜர்னல்சிடிஎல் -பி (பூட்டுக்கான b) -1 போட்டா இதுக்கு முந்துன பூட்ல என்ன நடந்துச்சுன்னு வரும், கூட இன்னொரு -பி (இது p) போட்டு எர்ர் (err) சேத்தா எரர் மட்டும் வடிகட்டித் தரும். சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு எந்த சர்வீஸ் விழுந்துச்சுன்னு காட்டும். அப்புறம் ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், மாத்துறதுக்கு முன்னாடி அந்த ஃபைலுக்கு காப்பி. ரெண்டு மூணு சேத்து மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னே தெரியாது, அது கத்துக்கிட்ட கணக்குல வராது. இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிரு, பேப்பர் நோட்டு, ஏன்னா மெஷின் விழுந்திருக்கறப்போ மெஷினுக்குள்ள இருக்கற நோட்ட எப்படிப் படிப்ப.

சும்மா_படிக்கிறவன்:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? எரர காப்பி பண்ணி சாட்ஜிபிடில போட்டா கமாண்டு தந்துரும், பேஸ்ட் பண்ணா முடிஞ்சுது. நான் அப்படித்தான் ஓட்டறேன்.

பெகு_ஜெராக்ஸ்கடை:

ஓட்டுங்க, நின்னா கடைக்கு வாங்க, எனக்கு வரும்படிதான் :) ஒரு பையன் இப்படித்தான் வந்தான். ஏதோ ஃபோல்டர்ல பர்மிஷன் டினைட் வந்திருக்கு, ஏஐ சொன்னதோ இவனா சேத்ததோ, சூடோ (அட்மின் அதிகாரத்துல ஓட்டறது) போட்டு சிஎச்மாட் -ஆர் 777 அடிச்சு கடைசில வெறும் ஸ்லாஷ். மொத்த சிஸ்டமும் 777, யாரும் எதையும் படிக்கலாம், மாத்தலாம், ஓட்டலாம். அதுக்கப்புறம் சூடோவே வேலை செய்யல, ஏன்னா சூடோ ஃபைலுக்கு செட்யூஐடின்னு (யார் ஓட்டுனாலும் ஃபைலோட சொந்தக்காரர் அதிகாரத்துல ஓட வைக்கறது) ஒரு பிட் இருக்கணும், 777 அடிச்சதுல அது அழிஞ்சு போச்சு. எஸ்எஸ்எச் கீய தொட்டா 'இது எல்லாரும் படிக்கற மாதிரி இருக்கு, நான் பயன்படுத்த மாட்டேன்'னு அது வேற அடம். சூடோ இல்லாம சூடோவ எப்படி சரி பண்றது? லைவ் யூஎஸ்பி போட்டு, சிஎச்ரூட் பண்ணி (அங்கருந்தே டிஸ்க்ல இருக்கற சிஸ்டத்துக்குள்ள போய்), பேக்கேஜ் பேக்கேஜா ரீஇன்ஸ்டால் பண்ணேன். அந்தப் பையனப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்கார வச்சுத்தான் பண்ணேன். இப்ப சிஎச்மாட்னா மூணு நம்பரும் யாருக்கு யாருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றான்.

ஏஐகிட்ட கேக்காதீங்கன்னு நான் சொல்லல. அது குடுக்கற கமாண்டுல ஒவ்வொரு ஆப்ஷனும் என்னன்னு மேன் பேஜ்ல (மெஷின்லயே இருக்கற கமாண்டு கையேடு) பாத்துட்டு அடிங்க. மேன் பேஜுக்கு நெட்டு வேணாம், நெட்டு இல்லாத நேரம்தானே நமக்கு அதிகம்.

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

அக்கா, உங்க கடைல வர்ற கேஸெல்லாம் எழுதுங்க, எந்த கோர்ஸவிடவும் அது உபயோகமா இருக்கும்.

பெகு_ஜெராக்ஸ்கடை:

கடைல ஆள் இல்ல, எழுதறேன். நான் எங்கயும் போய் லினக்ஸ் படிச்சதில்ல. லைசென்ஸ் விண்டோஸ் வாங்கக் கட்டுப்படி ஆகல, பழைய மெஷின்ல அது நகரவும் மாட்டேங்குது, அதனால கடைல இருக்கற எல்லாத்துலயும் உபுண்டுவும் மின்ட்டும்தான்.

அடிக்கடி வர்றது தேதிப் பிரச்சினை. 'அக்கா நெட்டு இருக்கு, ஆனா எந்த சைட்டும் தொறக்கல, செக்யூர் இல்லங்குது'ம்பாங்க. எல்லாரும் வைரஸ்ங்கறாங்க. மூலைல கடிகாரத்தப் பாருங்க, வருஷமே பல வருஷம் பின்னாடி இருக்கும். மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, அது தீந்து போனா கரண்டு போற ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிரும். சைட்டு சர்ட்டிஃபிகேட்டுக்கு இந்தத் தேதிலருந்து இந்தத் தேதி வரைக்கும்னு கணக்கு இருக்கு, மெஷினப் பொறுத்தவரைக்கும் அந்த சர்ட்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல. ஆப்ட் அப்டேட்டும் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வாலிட் யெட்'னு அதையேதான் வேற பாஷைல சொல்லும். கடிகாரத்த சரி பண்ணி பேட்டரிய மாத்துனா தீந்துச்சு. ராஸ்பெரி பை வச்சிருக்கவங்களுக்கும் இதேதான், பை 4 வரைக்கும் அதுல கடிகார சிப்பே கிடையாது, பை 5ல இருக்கு ஆனா பேட்டரி தனியா வாங்கி மாட்டணும்.

இன்னொண்ணு, விண்டோஸும் லினக்ஸும் சேத்து வச்சிருக்கறவங்க. ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குப் போனா சரியா ஆறரை மணி நேரம் தள்ளி நிக்கும். ஆறரைன்னு கேட்டாலே எனக்குப் புரிஞ்சிரும், நம்ம மியன்மார் நேரம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) ஆறரை மணி முன்னாடி. லினக்ஸ் போர்டு கடிகாரத்துல யூடிசி இருக்குன்னு நினைக்கும், விண்டோஸ் லோக்கல் டைம்னு நினைக்கும், ரெண்டும் மாத்தி மாத்தி எழுதிக்கும். டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1னு குடுத்தா லினக்ஸ் விட்டுக் குடுத்துரும், அது லேசு. இல்ல விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில ரியல்டைம்இஸ்யுனிவர்சல்னு ஒண்ணு போட்டு அத மாத்தலாம், எனக்கு அதுதான் பிடிச்சது. டைம்ஸோன் லிஸ்ட்ல ஏசியா/ரங்கூன் தேடறவங்களுக்கு, 2016லயே அத ஏசியா/யாங்கோன்னு மாத்திட்டாங்க, பழைய பேரும் வேலை செய்யும்.

மூணாவது ஃபான்ட். இது நம்ம ஊருக்கே உரிய தலைவலி. ஜோஜி தெரியுமில்ல, பர்மிய எழுத்துக்கு யூனிகோட் குடுத்த அதே நம்பர்கள்லயே தன் இஷ்டத்துக்கு வேற எழுத்த உக்கார வச்ச ஃபான்ட். 2019 அக்டோபர் 1லருந்து நாடே அதிகாரப்பூர்வமா யூனிகோடுக்கு மாறிடுச்சு, ஆனா பழைய டாகுமென்டெல்லாம் எங்க போகும்? கஸ்டமர் கொண்டு வர்ற பென்டிரைவ்ல பாதி ஜோஜிதான். யாராவது சிஸ்டத்துல ஜோஜி ஃபான்ட்ட போட்டு விட்டுட்டா, நல்லா இருக்கற யூனிகோட் பக்கமெல்லாம் எழுத்து உடைஞ்சு புள்ளி வட்டமா தெரியும். எஃப்சி-லிஸ்ட்ல கோலன் லேங்=எம்ஒய் குடுத்தா பர்மிய ஃபான்ட் என்னென்ன இருக்குன்னு வரும், எஃப்சி-மேட்ச்ல அதே போட்டா அதுல எத முதல்ல எடுக்குதுன்னு வரும். அங்க ஜோஜி நின்னா அத ஃபோல்டரோட தூக்கிட்டு படௌக்ங்கற யூனிகோட் ஃபான்ட்ட போடுங்க, டெபியன் உபுண்டு ரெண்டுலயும் ஃபான்ட்ஸ்-எஸ்ஐஎல்-படௌக்னு பேக்கேஜா இருக்கு. பழைய ஜோஜி டாகுமென்ட்ட கன்வர்ட்டர்ல போட்டு மாத்தித்தான் ஆகணும். நம்ம தமிழுக்கும் டிஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு எழுத்து முறையா இந்தக் கூத்தெல்லாம் இருந்துச்சே, தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோட ஏத்துக்கிட்டதே 2010லதான். தமிழ் டைப் பண்ண ஐபஸ்-எம்17என் போட்டா தமிழ்99ம் வரும், ஃபொனடிக்கும் வரும்.

ஆள் வந்தாச்சு, அப்புறம் வர்றேன்.

இன்சேன்_வாத்தியார்:

பெகு தங்கச்சி எழுதினது அருமை. திங்கன்ஜுன் தம்பிக்கு நான் ஒண்ணு சொல்லணும். உடையறது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேணாம், ஏதாவது ஒண்ணு கட்டு, அது தானா உடையும்.

எங்க கோயில் மண்டபத்துல சாயங்காலம் பிள்ளைங்களுக்கு தமிழ் வகுப்பு நடக்குது. நெட்டு வந்தா வரும் வராட்டி இல்ல. யாரோ குடுத்த பழைய லேப்டாப்ல டெபியன் போட்டு, டெஸ்க்டாப் எதுவும் இல்லாம, கிவிக்ஸ் சர்வர் ஓட விட்டேன். தமிழ் விக்கிபீடியா முழுசும் ஒரே ஜிம் ஃபைலா கிடைக்குது, ஒரு தடவை இறக்கிட்டா நெட்டே இல்லாம பிள்ளைங்க ஃபோன்லருந்து வைஃபைல படிக்கலாம். லேப்டாப்பா இருக்கறதுல பெரிய சவுகரியம் பேட்டரிதான், பேட்டரி நல்லா இருந்தா அதுவே யூபிஎஸ். மூடி வச்சா தூங்கிடுது, அதுக்கு லாகின்டி.கான்ஃப் ஃபைல்ல ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர்னு போட்டேன்.

எதுவும் முதல்ல வேலை செய்யல, அதுதான் விசேஷம். பெரிய ஜிம் ஃபைல பென்டிரைவ்ல போட்டா 'ஃபைல் டூ லார்ஜ்', இடம் நிறைய இருக்கு ஆனாலும் ஏறல. பென்டிரைவ் ஃபேட்32, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டா மாத்துனதும் ஏறிச்சு. அப்புறம் சர்வர 80ம் போர்ட்ல ஓட்டப் பாத்தா பர்மிஷன் இல்லன்னுச்சு, 1024க்குக் கீழ இருக்கற போர்ட் சாதா யூசருக்குக் கிடையாது, சரின்னு 8080க்கு மாத்துனேன். அடுத்ததுதான் மண்டையக் காய வச்சுது. லேப்டாப்ல தொறந்தா பக்கம் வருது, பிள்ளைங்க ஃபோன்ல வரல. எஸ்எஸ் -டியூஎல்பிஎன் போட்டுப் பாத்தா 8080 எல்லா அட்ரஸ்லயும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. ஃபயர்வால் இல்ல. ரவுட்டரோட கேபிள்ல மாட்டுன இன்னொரு மெஷின்லருந்து வருது. ஃபோன்லருந்து பிங் கூட போகல. அப்ப சர்வர்ல தப்பில்ல, நடுவுல யாரோ மறிக்கறாங்க. ரவுட்டர் செட்டிங்ல கிளையண்ட் ஐசொலேஷன்னு ஒரு டிக், வைஃபைல இருக்கற ஆளு உள்ளூர்ல வேற எந்த மெஷினையும் பாக்காம தடுக்கறது. எடுத்து விட்டதும் மண்டபமே ஒரே கூச்சல். ஒவ்வொரு படியா இது இல்ல இது இல்லன்னு கழிச்சுக்கிட்டே வந்ததுல நெட்வொர்க்னா என்னன்னு எனக்கே அன்னைக்குத்தான் புரிஞ்சுது, அறுபத்தஞ்சு வயசுல.

இப்ப அதே லேப்டாப்ல ஆப்ட்-கேச்சர்-என்ஜியும் ஓடுது. ஒரு மெஷின் இறக்குன அப்டேட்ட அது 3142 போர்ட்ல வச்சுக்கிட்டு மத்த மெஷினுக்கெல்லாம் உள்ளூர்லயே குடுக்கும். நம்ம டேட்டா விலைக்கு இது பெரிய உபகாரம். பெகு கடைக்கும் இது வேணும்மா, யோசிங்க.

பெகு_ஜெராக்ஸ்கடை:

ஐயா இது எனக்குத் தெரியாமப் போச்சே. மெஷின் மெஷினா ஒரே அப்டேட்ட இறக்கிக்கிட்டு இருக்கேன். இந்த வாரமே போடறேன்.

சும்மா_படிக்கிறவன்:

எல்லாம் சரி. ஆனா வேலைக்குப் போறப்போ 'கோயில்ல விக்கிபீடியா ஓட்டுனேன்'னு சொன்னா எவன் கேப்பான்? ஆர்ஹெச்சிஎஸ்ஏ (ரெட் ஹேட் குடுக்கற லினக்ஸ் சர்ட்டிஃபிகேட்) இருக்கான்னுதான் கேப்பான்.

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

கேப்பான்தான். ஆனா ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ன மாதிரி பரீட்சைன்னு தெரியுமா? கேள்விக்கு டிக் அடிக்கறது இல்ல. உயிரோட இருக்கற மெஷினக் குடுத்து இதச் செய் அதச் செய்ம்பான், இன்டர்நெட் கிடையாது, மேன் பேஜ் உண்டு. ரூட் பாஸ்வேர்ட் தெரியாத மெஷின்ல உள்ள போக, க்ரப்ல வரிய எடிட் பண்ணி ஆர்டி.பிரேக் போட்டு, சிஸ்ரூட்ட (நிஜ சிஸ்டம் இருக்கற இடம்) எழுதற மாதிரி ரீமவுண்ட் பண்ணி, அதுக்குள்ள சிஎச்ரூட் பண்ணி, பாஸ்வேர்ட் மாத்தி, எஸ்இலினக்ஸுக்காக (ஃபைலுக்கெல்லாம் லேபல் ஒட்டிக் காவல் காக்கறது) ஆட்டோரீலேபல் ஃபைல தொட்டு வச்சு வெளில வரணும். அந்தக் கடைசித் தொடல விட்டா மாத்துன பாஸ்வேர்ட்ல லாகின் ஆகாது. மெஷின் ரீபூட் ஆகி வந்த பிறகும் எல்லாம் நிக்குதான்னுதான் மார்க், எஃப்எஸ்டேப்ல (பூட்ல எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும்னு எழுதற ஃபைல்) ஒரு எழுத்து தப்பா இருந்து பூட் ஆகலைன்னா மத்ததெல்லாம் சரியா செஞ்சும் புண்ணியமில்ல. வாத்தியார் மண்டபத்துல பண்ணதும் இதேதான், என்ன, பரீட்சை ஃபீஸ் இல்ல.

எஃப்எஸ்டேப்னதும் ஞாபகம் வருது, தம்பி, அந்த வெளி டிஸ்க்க அதுல எழுதப் போறேன்னா ஆப்ஷன்ல நோஃபெயில் சேத்துக்க. இல்லாட்டி டிஸ்க் மாட்டாத அன்னைக்கு பூட்ல ஒன்றரை நிமிஷம் எண்ணிட்டு எமர்ஜென்சி மோட்ல போய் உக்காந்துரும்.

ஆர்ச்சுக்காரன்:

நெட்டு ஒழுங்கா இருக்கற நாள்ல ஓவர்தவயர்ங்கற சைட்ல பேண்டிட்னு கமாண்டு பழகற விளையாட்டு இருக்கு, விளையாடிப் பாரு தம்பி. எஸ்எஸ்எச்ல 2220 போர்ட்ல உள்ள போகணும், ஒவ்வொரு லெவல்லயும் அடுத்த லெவலோட பாஸ்வேர்டு ஒளிஞ்சிருக்கும். முதல்ல லேசா ஸ்பேஸ் இருக்கற ஃபைல் பேரு, மறைஞ்ச ஃபைல்னு வரும், போகப் போக க்ரானு, செட்யூஐடின்னு இழுத்துட்டுப் போகும். ஆன்சர் கூகிள்ல இருக்கு, பாக்காத. (ஆர்ச்லருந்தும் விளையாடலாம், சும்மா சொல்லி வைக்கறேன்.)

திங்கன்ஜுன்_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எஸ்எஸ்டி வாங்கி மாத்தியாச்சு, நோட்டும் போட்டாச்சு. அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கு, 197 இப்ப 24 காட்டுது. தூக்கிப் போட்டுடவா?

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

போடாத. டேட்டா வைக்க ஆகாது, டிடிரெஸ்கியூ பழக ஆகும், கெட்ட செக்டார் உள்ள டிஸ்க்க காசு குடுத்தா வாங்க முடியும்? அது சாகற வரைக்கும் வச்சு விளையாடு.

அதோட ரெய்டும் (பல டிஸ்க்க சேத்து ஒண்ணா ஓட்டறது) பழகிக்க, அதுக்கு நிஜ டிஸ்க்கே வேணாம். புது எஸ்எஸ்டில ட்ரங்கேட் -எஸ் 500எம்னு ரெண்டு வெத்து ஃபைல் உண்டாக்கு, லோசெட்டப் -எஃப் --ஷோ போட்டு ரெண்டையும் லூப் டிவைஸா மாத்து, என்ன நம்பர் வருதுன்னு குறிச்சுக்க. அந்த ரெண்டையும் எம்டிஏடிஎம் --கிரியேட்ல லெவல் 1னு (ரெண்டுலயும் ஒரே டேட்டா) குடுத்து சேத்து, எம்டி0ல ஈஎக்ஸ்டி4 போட்டு மவுண்ட் பண்ணி, உள்ள பத்துப் பதினஞ்சு ஃபோட்டோ போடு. இப்ப வேணும்னே முதல் லூப்ப --ஃபெயில் பண்ணு. ஃபோட்டோ இன்னும் தொறக்குதான்னு பாத்துட்டு ப்ராக் எம்டிஸ்டாட்ட கேட் பண்ணி இங்க போடு.

திங்கன்ஜுன்_தம்பி:

ஃபோட்டோ தொறக்குது அண்ணே! எம்டிஸ்டாட்ல முன்னாடி 2/2 பக்கத்துல யூயூன்னு இருந்துச்சு, இப்ப 2/1, முதல் யூ இருந்த இடத்துல கோடு, ரெண்டாவது யூ மட்டும் நிக்குது. லூப் பேருக்குப் பக்கத்துல அடைப்புல எஃப் போட்டிருக்கு.

மோல்மேன்_ராத்திரிஷிஃப்ட்:

அதுதான் டிகிரேடட், ரெண்டுல ஒண்ணு விழுந்து மத்தது மட்டும் ஓடுற நிலை. இப்ப அத --ரிமூவ் பண்ணிட்டு புதுசா மூணாவது ஃபைல் ஒண்ணு உண்டாக்கி லூப் ஆக்கி --ஆட் பண்ணு. 500 எம்பி எஸ்எஸ்டில கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், அதனால --ஆட் அடிக்கறதுக்கு முன்னாடியே பக்கத்து விண்டோல வாட்ச் -என் 0.5 போட்டு எம்டிஸ்டாட்ட ஓட விட்டு வச்சுக்க, ரெகவரி பர்சென்ட் ஏறுறது தெரியும். நடுவுல கரண்டப் புடுங்கிப் பாக்கறேன்னு கிளம்பிடாத, அது நிஜ டிஸ்க் ரெண்டு கிடைச்சப்புறம்.